சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் பதினொரு மாடுகளும் எழுந்து நடமாடும்படி இருக்கிறோம், இதில் யார் யாரை மேய்க்கிறோம் என்று மட்டும் கேட்காதே. அங்கே நீயும் மாப்பிள்ளையும், நான் போட்டோவில் மட்டுமே பார்த்திருக்கிற அந்த மூன்று மாதத்துப் பெரிய மனுஷியும் சளி, காய்ச்சல் என்று ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். தூக்கமில்லாமல் நீ மட்டும் கொஞ்சம் கஷ்டப்பட்டால் பரவாயில்லை, சின்ன வயதில் எங்களைப் படுத்திய பாட்டுக்கு அது உனக்கு வேண்டியதுதான். அவள் மூக்கைப் போட்டோவில் பெரிதாக்கிப் பார்த்தோம். உங்க மூக்கேதான் வந்திருக்கு, பாவம் அந்தக் குழந்தை என்று உன் அம்மா சொல்கிறாள்.

கையில் போன் இருக்கும்போது இவர் எதற்குப் பேனாவைத் தேடினார் என்று நினைப்பாய். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது, எழுத்து மாடு நடந்த வரப்பு மாதிரிதான் இருக்கும், பொறுத்துக்கொள். ஆனால் போனை எடுத்தால் எனக்கு வாய் தானாகக் கேலிக்குப் போய்விடுகிறது, சொல்ல வந்தது நின்றுவிடுகிறது. எழுதும்போது கை மெதுவாகத்தான் போகிறது, அதற்குப் பொய் சொல்லத் தெம்பு இல்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் திடீரென்று கூப்பிட்டு, குழந்தைக்குத் தண்ணீரைச் சுண்டக் காய்ச்சாதே, உங்கள் அடுக்குமாடி போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம் என்று சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா. நீ சிரித்தாய். போன மாசம்தானேப்பா பாதியாகிற வரைக்கும் காய்ச்சுன்னு உயிரை எடுத்தீங்க, இப்ப வேணாங்கிறீங்க, உங்களுக்கு வயசாயிடுச்சு என்றாய். நாங்க கேன் தண்ணிதான்பா, உங்க பேச்சை எவன் கேட்டான் என்றும் சொன்னாய். நீ என் பேச்சைக் கேட்காததற்கு நான் சந்தோஷப்பட்டது என் ஆயுசில் அன்றைக்கு ஒரு நாள்தான். ஆமாம் மறதிதான், நேற்று உன் அம்மாவையே யாரம்மா நீ என்று கேட்டுவிட்டேன் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். நீ அடுத்த மாதம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வர டிக்கெட் எடுத்துவிட்டதாகச் சொன்னாய், நானும் வா வா என்றேன். அந்த வா வா பற்றித்தான் இந்தக் கடிதம். நின்று முழுதாகப் படி.

நம் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்த வெல்டரையும் அவன் பெண்டாட்டியையும் உனக்குத் தெரியும், உன் கல்யாணத்துக்கு நம் இரும்புக் கேட்டை நேராக்கிக் கொடுத்தவன். அவர்களுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பிறந்தபோது கைக்குள் அடங்குகிற அளவுதான் இருந்தான், நான் எலிக்குட்டி என்று பெயர் வைத்தேன், அந்தப் பெண்ணும் கோபித்துக்கொள்ளவில்லை, என்ன மாமா உங்க எலிக்குட்டி இன்னிக்கு என்னைத் தூங்கவே விடலை என்று அவளே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அவளுக்குத் தாய்ப்பால் சரியாக ஊறவில்லை, டாக்டர் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிற பால் பவுடர் எழுதிக்கொடுத்தார். அந்தச் சமயத்தில்தான் மழை விடாமல் பெய்தது. கிணற்றில் தண்ணீர் மேல்படி வரைக்கும் ஏறிவிட்டது, லேசாகக் கலங்கலும் இருந்தது. குழந்தைக்கு இரண்டு நாள் வயிறு போனது. அந்தப் பெண் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு என் அடுப்புப் பக்கம் வந்து நின்றாள். தண்ணியில ஏதாவது இருக்குமோ மாமா என்று கேட்டாள்.

உனக்குத் தெரியாதா என்னை. கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் யோசனை சொல்கிற வாய். முப்பது வருஷமாக இந்த இரும்புச் சட்டியில் பாலைச் சுண்டக் காய்ச்சிக் கெட்டியாக்கி மிட்டாய்க் கடைக்குப் போடுகிறவன், காய்ச்சுவதில் என்னை மிஞ்ச ஆள் உண்டா. துடுப்பை ஆட்டிக்கொண்டே சொன்னேன். தண்ணியைச் சும்மா கொதிக்க வச்சு இறக்கினா அரைகுறைம்மா, கிருமி குளிச்சிட்டு எந்திரிச்சு வரும். ஒரு பானை தண்ணி அரைப் பானை ஆகிற வரைக்கும் விடு. பால் எவ்வளவு சுண்டுதோ அவ்வளவு சத்து, தண்ணி எவ்வளவு சுண்டுதோ அவ்வளவு சுத்தம். இதையேதான் உனக்கும் போனில் சொன்னேன். சொன்னதோடு விட்டேனா, தினமும் காலையில் அவள் அடுப்பை எட்டிப் பார்த்து, இன்னும் ஒரு விரக்கடை குறையணும், அதுக்குள்ள இறக்கிடாதே என்று அதிகாரம் வேறு. அவளும் பானைக்குள் ஒரு குச்சியை விட்டு அளந்து அளந்து காய்ச்சினாள். வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது. பாத்தியா என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். காலையில் பால் கறந்து முடித்து அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தேன், வெயில் நன்றாக ஏறிவிட்டது. அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். இவன் பால் குடிக்க மாட்டேங்கிறான் மாமா, சோர்ந்து சோர்ந்து விழறான் என்றாள். நான் அவன் முகத்தைத் திருப்பினேன். உதடும் நகமும் நீலமாக இருந்தன, வாயைச் சுற்றிச் சாம்பல் பூத்த மாதிரி. பார்த்த உடனே என் வாயில் என்ன வந்தது தெரியுமா. என்னடா எலிக்குட்டி, அப்பன் பேனா மையைக் குடிச்சுட்டியா என்று கேட்டேன். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாள். மாமாவே சிரிக்கிறாரே, அப்போது ஒன்றும் இருக்காது என்று நினைத்து வந்த வழியே திரும்பிப் போனாள். உன் அம்மாதான் தொழுவத்திலிருந்து பார்த்துவிட்டு, கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். குளிரும் இல்லை ஒண்ணும் இல்லை, குழந்தை உதடு நீலமா கிடக்கு, நீங்க நின்னு கேலி பேசறீங்க என்று கத்தினாள். நான் பால் வண்டியில் கேன்களை இறக்கிப் போட்டுவிட்டு அவர்களை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். என் கேலியால் போனது எவ்வளவு நேரம் என்று உன் அம்மா இதுவரை சொல்லிக்காட்டவில்லை. அவள் எதையும் சொல்லிக்காட்டாமல் விட்டதில்லை என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் பயமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் ஊசியில் எடுத்த ரத்தம் சிவப்பாகவே இல்லை மகளே, காப்பி டிகாஷன் மாதிரி இருந்தது. டாக்டர் பார்த்தவுடனே கிணத்துத் தண்ணியா என்று கேட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நீலமாகக் கிடந்த குழந்தைக்கு நீல நிறத்தில் ஒரு மருந்தையே ஏற்றினார்கள். நான் கதவுக்கு வெளியே நின்று அந்தக் குழாயில் நீலம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிழைத்துவிட்டான். ஆனால் நடுவில் ஒரு தடவை வலிப்பு வந்தது. மூளைக்குப் போகிற ரத்தம் காற்றைத் தூக்கிக்கொண்டு போக மறந்துவிட்டதாம், அதனால் ஏதாவது குறை இருக்குமா என்று நடக்கும்போதும் பேசும்போதும்தான் தெரியும் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு இன்னும் ஒரு வருஷம், இரண்டு வருஷம் ஆகும்.

மறுநாள் சுகாதார ஆபீஸிலிருந்து ஒரு பெண் வந்தாள், உன் வயதுதான் இருக்கும், கண்ணாடி போட்டவள். கிணற்றுத் தண்ணீரில் ஒரு காகிதக் கீற்றை முக்கி எடுத்தாள். அவள் அட்டையில் இளம் ரோஜா நிறத்திலிருந்து வரிசையாக நிறம் போட்டிருந்தது. நம் கிணற்றுக் கீற்று கடைசி நிறத்தையும் தாண்டிப் பீட்ரூட் மாதிரி ஆகிவிட்டது. இதென்னம்மா எங்க கிணறு முதல் மார்க் வாங்கிடுச்சா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. சாணம் எங்கே கொட்டறீங்க ஐயா என்றாள். நான் நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டிக் காட்டினேன். அவள் கிணற்றடியிலிருந்து எருக்குழி வரைக்கும் எட்டு வைத்து நடந்தாள். இருபத்திரண்டு எட்டு. குழிக்கு அடியில் சிமெண்ட் உண்டா என்றாள். மண்ணுதான் என்றேன். மழைத் தண்ணி அதில் நிற்குமா என்றாள். நிற்காதும்மா, சமர்த்தா உடனே இறங்கிடும் என்று பெருமையாகச் சொன்னேன். சொன்ன பிறகுதான் எங்கே இறங்கும் என்று எனக்கே உறைத்தது.

அப்புறம் தொழுவத்துக்குப் பின்னால் இருக்கிற புல் தோட்டத்தைப் பார்த்துவிட்டு, இதென்ன இவ்வளவு கரும்பச்சை என்றாள். அந்தப் பச்சைக்கும் நான்தான் காரணம். நீ போன பிறகு நடந்தது அது. டவுனில் சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற இடத்திலிருந்து ஒரு டேங்கர் லாரி இந்தப் பக்கம் வரும், ஓட்டுகிறவன் எப்போதும் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பான். தண்ணீரை வடித்த பிறகு அடியில் மிஞ்சுகிற கறுப்புச் சேற்றை எங்கேயாவது கொட்ட வேண்டும் அவனுக்கு. நல்ல உரம்ணே, சும்மாவே விட்டுட்டுப் போறேன் என்றான். விட்டான். புல் ஒரு ஆள் உயரம் வந்தது. உன் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஊரான் வயித்துல போனதெல்லாம் நம்ம தோட்டத்துல வந்து விழுது, உங்களுக்கு ஆண்டவன் மூக்கு எதுக்குக் கொடுத்தான் என்று கேட்டாள். அழகுக்கு என்றேன். அவள் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, மழைக்கு முன்னால் அவனை நானே கூப்பிட்டு இன்னும் இரண்டு லோடு இறக்கச் சொன்னேன். மழை வந்தால் சத்து மண்ணில் நன்றாக இறங்கும் என்று கணக்குப் போட்டேன். இறங்கியது. பழுப்புப் பசு இரண்டு தடவை குறைமாதத்தில் கன்றை வீசிவிட்டதே, அதைக் கிழடு, விற்றுவிடலாம் என்று திட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் புல்லாகவும் இருக்கலாம் ஐயா என்று அந்தப் பெண் சொன்னாள். அன்றைக்குச் சாயங்காலம் அந்தப் பசுவின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

அவள் பொறுமையாகத்தான் விளக்கினாள். சாணத்திலும் அந்தச் சேற்றிலும் இருக்கிற சத்தில் புல் தின்றது போக மிச்சம் மழையோடு மண்ணுக்குள் இறங்கிக் கிணற்று ஊற்றில் கலக்குமாம். நைட்ரேட் என்று பெயர் சொன்னாள். கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்குத் தெரியாது, வாசனை கிடையாது. நம் கிணற்றுத் தண்ணீர் தேன் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொம்பில் மொண்டு கொடுப்பேனே, அந்தத் தேனுக்குள்தான் இருந்திருக்கிறது. பெரியவர்களை அவ்வளவாக ஒன்றும் செய்யாது, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளைத்தான் பிடிக்கும் என்றாள். நான் விடவில்லை. அதான் நல்லா காய்ச்சித்தானேம்மா கொடுத்தோம், பாதியாகிற வரைக்கும் காய்ச்சினோமே என்றேன். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். காய்ச்சினா கிருமிதான் சாகும் ஐயா, அதுக்கு ஒரு கொதி நல்லா வந்தாலே போதும். இது உப்பு மாதிரி கரைஞ்சு கிடக்கு. தண்ணி ஆவியா போகும், இது போகாது. பாதியா சுண்டினா ரெண்டு மடங்காயிடும் என்றாள்.

அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் அடுப்பின் மேல் இருந்த என் சட்டியைப் பார்த்தேன். முப்பது வருஷம். தண்ணீர் போகும், இருப்பது நிற்கும், அதுதான் என் தொழிலே. வேலைக்கு வருகிற ஒவ்வொருவனுக்கும் முதல் நாள் இதைத்தான் சொல்லிக் கொடுப்பேன். பால் விஷயத்தில் தெரிந்தது எனக்குத் தண்ணீர் விஷயத்தில் தெரியவில்லையே மகளே. வேறு எந்தத் தொழில் செய்கிறவனாக இருந்தாலும் சும்மா கொதிக்க வை என்று சொல்லிவிட்டுப் போயிருப்பான். குழந்தைக்குக் கொஞ்சமாகப் போயிருக்கும், ஒருவேளை ஒன்றும் ஆகாமலே இருந்திருக்கும். நான்தான் கெட்டியாக்கிக் கொடுக்கச் சொன்னேன்.

ஆஸ்பத்திரிக்கு மறுபடி போனேன். வெல்டர் என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டான். அந்தப் பெண் போகவில்லை. திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன், அவள் திட்டவும் இல்லை. நீங்க சொன்ன மாதிரியேதான் மாமா செஞ்சேன், ஒரு நாள்கூட அடுப்பை விட்டு நகரலை, குச்சியை வச்சு அளந்துதான் இறக்கினேன் என்றாள். ஏதோ அவள் பக்கம் தப்பு நடந்துவிட்டதோ என்று என்னிடம் கேட்கிற மாதிரி சொன்னாள். நான் அவளிடம் உண்மையைச் சொன்னேன். தப்பு உன் பேர்ல இல்லம்மா, என் வாயில இருந்துச்சு என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னைப் பார்க்கவில்லை. அங்கிருந்தே அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்கள். வெல்டர் மட்டும் வந்து சாமான்களை எடுத்துப் போனான், அந்தப் பானையை மட்டும் எடுக்கவில்லை. முன்னறை அடுப்பில் அப்படியே இருக்கிறது, குச்சியும் பக்கத்திலேயே கிடக்கிறது. தூக்கிப் போட எனக்குக் கை வரவில்லை.

நம் கிணற்றை நம்பி இந்தச் சந்தில் இன்னும் ஆறு வீடு இருக்கிறதே, ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னேன். இத்தனை வருஷம் நான் போட்ட ஆட்டத்துக்கு அன்றைக்குக் கூலி கிடைத்தது. யாரும் நம்பவில்லை. உங்க கிணத்துல விஷமா, அடுத்து மாடு முட்டை போட்டுச்சுன்னு சொல்வீங்க, போங்க மாமா என்று தச்சர் மருமகள் சிரித்தாள், அவள் இடுப்பில் ஐந்து மாதக் குழந்தை. நான் சத்தியமாகச் சொல்கிறேன் என்று சொல்லச் சொல்ல அவளுக்குச் சிரிப்பு அதிகமாகிறது. கடைசியில் என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதையும் பார்த்து, நடிக்கவும் ஆரம்பிச்சுட்டீங்களா என்றாள். நான் நேராக வீட்டுக்கு வந்து கிணற்று மேல் இரும்புத் தகடு போட்டுப் பூட்டினேன், தெருவுக்குப் போகிற குழாயை அடைத்தேன். அப்புறம் தச்சரே வந்து, நாங்க இத்தனை வருஷமா குடிக்கலையா, எங்களுக்கென்ன கொம்பா முளைச்சுது, தண்ணியைப் பூட்டி வைக்கிற அளவுக்குப் பெரிய மனுஷன் ஆயிட்டியா என்று சண்டை போட்டார். போடட்டும். இப்போது தினமும் பால் வண்டியில் புதுக் கேன்களை வைத்து மெயின் ரோட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்து வந்து ஆறு வீட்டு வாசலிலும் வைக்கிறேன். எடுத்துக்கொள்கிறார்கள். என்னோடு பேசுவதில்லை. எருக்குழியை ஊர்க்கோடிக்கு மாற்றி அடியில் சிமெண்ட் போட்டாயிற்று, கறுப்புக் கண்ணாடிக்காரனைத் திருப்பி அனுப்பிவிட்டேன். ஆனாலும் மண்ணுக்குள் போனதைத் திரும்ப எடுக்க முடியாதாம். கிணறு தெளிய எத்தனை வருஷம் என்று கேட்டேன், தண்ணீர் பார்க்க வந்த பெண், தெரியலை ஐயா என்று சொல்லிவிட்டாள். சட்டியைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். பாலைக் காய்ச்சாமல் அப்படியே விற்கிறேன். ஆவி மேலே போவதை நின்று பார்க்க முடியவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வராதே. உன் அம்மா கிழக்குப் பக்க அறைக்கு வெள்ளையடித்து, உத்தரத்தில் உன் பழைய தூளியைக் கட்டி, அதில் ஒரு தலையணையை வைத்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பத்து நாள்தானே, கேன் தண்ணி கொண்டுவந்து வச்சுக்கலாம், நான் பாத்துக்கிறேன் என்கிறாள். பார்த்துக்கொள்வாள்தான். ஆனால் தொழுவம் கழுவ ஒரு குழாயில் இன்னும் கிணற்றுத் தண்ணீர்தான் வருகிறது. கைக்கு அந்த வழிதான் பழக்கம். இந்த மூன்று வாரத்தில் அவளே இரண்டு தடவை அதில் கெட்டிலைக் கழுவி நிரப்பிவிட்டாள். நேற்று நான் என்ன செய்தேன் தெரியுமா, நல்ல தண்ணீர் பிடிக்கப் போகிற கேனையே அந்தக் குழாயில் அலசிவிட்டு வண்டியில் ஏற்றினேன். பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது. எல்லாம் தெரிந்த என் கையே இப்படி இருக்கிறது. இந்தக் கைகளுக்கு நடுவில் ஒரு பால் பாட்டிலை வைக்க எனக்குத் தைரியம் இல்லை. அவளுக்கு ஒரு வயது தாண்டட்டும். அதற்குள் இங்கே ஏதாவது வழி பிறந்தால் நானே கூப்பிடுகிறேன். அதுவரைக்கும் நான் போனில் வா என்று சொன்னாலும் வராதே, நான் வாய் தவறிச் சொல்லியிருப்பேன்.

அதற்குப் பதில் உன் அம்மாவை அடுத்த வெள்ளிக்கிழமை ரயிலில் ஏற்றிவிடுகிறேன், ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிக்கொள். நான் வரவில்லை, மாடுகளும் ஆறு வீட்டுக் கேன்களும் இருக்கின்றன, ஒரு நாள் நான் நிறுத்தினால் யாராவது பூட்டை உடைத்துவிடுவார்கள். வழக்கமாக அனுப்புகிற கெட்டிப்பால் டப்பா இந்தத் தடவை இல்லை, தேடாதே. உன் அம்மா அங்கே வந்ததும் முதல் இரண்டு நாள் உன் சமையலறையைக் குறை சொல்வாள், சொல்லட்டும், எதிர்த்துப் பேசாதே, அவள் இங்கே நிறைய வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்று, என்ன இவ்வளவு நீளம், என்ன எழுதறீங்க என்று கேட்டாள். வராதேன்னு எழுதறேன் என்றேன். அவள் உள்ளே போனாள். நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. தூளியை அவிழ்க்கிறாள். முடிச்சு இறுகிவிட்டது போலிருக்கிறது, ரொம்ப நேரமாக அவிழ்த்துக்கொண்டே இருக்கிறாள்.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வயது நன்றாக இருங்கள். அந்தப் பெரிய மனுஷி எங்கள் ஆயுசையும் சேர்த்து வாங்கிக்கொண்டு சிவந்த உதட்டோடு இருக்கட்டும். உன் அடுக்குமாடித் தண்ணீரையும் ஒருமுறை கொடுத்துச் சோதித்துப் பார்த்துவிடு, மறக்காதே. உன் மாடியில் கைக்குழந்தை வைத்திருக்கிறவர்கள் யாராவது இருந்தால் அவர்களிடமும் சொல். நீ சொன்னால் நம்புவார்கள், நீ என்னை மாதிரி இல்லை.

சட்டியைக் கவிழ்த்து வைத்திருக்கும்
உன் அப்பா